முந்திரிக்கொட்டையின் மௌனம்

என் வீட்டுக்காரருடைய மூச்சை வெட்டுவதுதான் என் வேலை. கேட்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்பதால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். பழைய கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வருகிறவர்கள் வாசலில் ஒரு சின்னக் கருவியை வாடகைக்கு வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கிறார்கள் இல்லையா? 'இடப்பக்கம் திரும்புங்கள், தலைக்கு மேலே பாருங்கள்' என்று அதில் ஒரு குரல் கூடவே வரும். அந்தக் குரல் என் வீட்டுக்காரருடையது. அவர் பேசியதில் இருக்கிற இருமல், எச்சில் விழுங்கும் சத்தம், தாள் புரளும் சத்தம், மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் கணினியில் தேடித் தேடி வெட்டி எறிகிறவள் நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெட்டுகிறேன். வெட்டி வெட்டித்தான் கல்யாணமே ஆனது.

குரல் நல்ல குரல், அதில் எனக்குப் பொறாமை கிடையாது. கணீரென்று இருக்கும், அதே சமயம் காதுக்குள் உறுத்தாது. ஆனால் அந்த மனுஷன் நடக்கிற லட்சணம் இருக்கிறதே! எங்கே போனாலும் நாலு எட்டு முன்னால்தான் போவார். கையை வீசிக்கொண்டு, சுவரையும் தூணையும் காட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவள் வருகிறாளா, தடுக்கி விழுந்தாளா, குளத்தில் குதித்தாளா என்று ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது கிடையாது. என் தங்கச்சி அவருக்கு வைத்த பெயர் 'முந்திரிக்கொட்டை மாமா'. முகத்துக்கு நேரே கூப்பிடுவாள். அவரும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி சிரித்துக்கொள்வார்.

எனக்கு நடை மெதுவு. காலில் குறை ஒன்றும் இல்லை, சுபாவம் அப்படி. ஒரு தூண் இருந்தால் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். புறா கூடு கட்டியிருந்தால் குஞ்சு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். போதாததற்கு என் செருப்பு வார் எப்போதும் தகராறு செய்யும், நான் அங்கங்கே குனிந்துகொண்டே இருப்பேன். புதிதாக ஒரு இடத்துக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முதலில் போய் நடந்து பார்ப்போம். அவர் முன்னால் சொல்லிக்கொண்டே போவார், நான் பின்னாலிருந்து குறுக்கே பேசிக்கொண்டே வருவேன். நான் பேசியது எதுவும் அவர் காதில் ஏறியதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஊர் திரும்பியதும் அவர் பாட்டுக்கு மூச்சு விடாமல் பேசிப் பதிவு செய்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு மலைக்கோட்டைக்குப் போனோம். பார்த்து முடித்து இறங்கி வரும்போது பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். நிமிர்ந்தால் பஸ்ஸும் இல்லை, அவரும் இல்லை. கோட்டைக்குள் மழைத்தண்ணீரை எப்படி வாய்க்கால் வெட்டி ஓட்டினார்கள் என்று பேசிக்கொண்டே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போயிருக்கிறார். அதுவும் எப்படி? இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு. கண்டக்டர்தான், இன்னொரு ஆள் எங்கே சார் என்று கேட்டாராம்.

ஒரு ஆட்டோவைப் பிடித்து அவர் திரும்பி வரும்வரை நான் அந்த வெறும் மைதானத்தில் கால் கடுக்க நின்றேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வந்து இறங்கியவர் ஒரு மன்னிப்பாவது கேட்டாரா? கேட்டார். கேட்டதோடு வாயை மூடியிருக்கலாம்.

"நீ பதில் சொல்லிக்கிட்டே வந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்வதற்கும் ஒரு தரம் வேண்டாமா? கல்லுக்கும் மண்ணுக்கும் கதை சொல்கிற மனுஷனுக்குக் கேட்க ஆள் எதற்கு, காலி நாற்காலி போதுமே என்றேன். அங்கிருந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை.

தங்கச்சி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஒரு வாரம் சமாதானம் பேசிப் பார்த்தாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள். அவள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியானபோது நானே போய்ப் பேசி எடுத்துக்கொண்டேன். என் பீரோ, தையல் மிஷின், புத்தகப் பெட்டிகள் எல்லாம் அவருடைய வீட்டில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை லாரி வரும், எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னேன். 'சரி' என்றார். ஒற்றைச் சொல். நாள் பூராவும் பேசுகிறவருக்கு அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது. பீரோ போய்விட்டால் எல்லாம் போய்விட்ட மாதிரிதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு அன்று முழுக்க அழுதேன், தங்கச்சியிடம் தலைவலி என்றேன்.

வேலை மட்டும் ஒரே இடம். அதற்கு என்ன செய்ய முடியும்? எங்களுடையது சின்ன அலுவலகம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஓர் அறையைக் கம்பளிப் போர்வைகளால் மூடி, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்துப் பதிவு அறை ஆக்கியிருக்கிறோம். காலடிச் சத்தம் உள்ளே போகக் கூடாது என்பதால் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். இதை நடத்துகிறவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா எங்கள் நிலைமையைப் பார்த்து, அவர் காலையில் பேசவும் நான் மதியத்துக்கு மேல் வெட்டவும் ஏற்பாடு செய்துவிட்டார். நான் வரும்போது அவர் செருப்பு வாசலில் இருக்காது. இல்லை என்று தெரிந்தும் தினமும் பார்ப்பேன்.

லாரி வர மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. பெரிய கோயில் ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் தனியாகப் போய் நடந்து பார்த்துவிட்டு வந்து பதிவு செய்திருந்தார். நான் லீவில் இருந்த சமயம், வெளியாள் ஒருவர் இருமலை மட்டும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது கோயில் அலுவலகத்திலிருந்து புகாருக்கு மேல் புகார். நடு நடுவே கருவி நின்றுபோகிறது என்று ஜனங்கள் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். கருவி நிற்கவில்லை, பேசுகிறவர்தான் நிற்கிறார் என்று கண்டுபிடித்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது. ஒரு பெரியவர் கவுண்டரில் வந்து, இவர் எங்களிடம் பேசவில்லை அம்மா, யாரிடமோ பேசுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா வேற குரல் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க" என்றார் அக்கா. "ஒரு இடம் போச்சுன்னா மத்த இடமும் போகும். நீ போய் நடந்து பாத்துட்டு வந்து அந்த மௌனத்தையெல்லாம் வெட்டிடு."

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சுக்கு நடுவே இருக்கிற மௌனத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வெட்டக் கூடாது. கேட்கிறவர் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த இடத்தில் நடந்தால்தான் தெரியும். சரி, போகிறேன் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் குரூரமான சந்தோஷம்கூட இருந்தது. வெட்டத்தானே வேண்டும், தாராளமாக வெட்டலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். வெயில் உச்சியில் நின்றது. கோயிலில் அதிகம் பேர் இல்லை. கவுண்டரில் இருந்த அம்மா கருவியைக் கொடுக்கும்போதே, நடுவில் நின்றால் உள்ளங்கையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டு, வந்துவிடும் என்று யோசனை சொன்னார். யார் வீட்டுக்காரரை யார் தட்டச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். செருப்பைக் கொடுத்துவிட்டுச் சுடுகல்லில் ஓடி வாசல் நிழலுக்குள் புகுந்து, காதில் மாட்டினேன்.

எத்தனையோ மாதம் கழித்து ஓர் இடத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்கிறேன். அறையில் கேட்பது வேறு, இடத்தில் கேட்பது வேறு. கோபுரத்துக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டபோது அவர் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது. இருக்கட்டும், வேலை வேலைதான் என்று நிமிர்ந்தேன்.

'உள்ளே கால் வைப்பதற்கு முன் அண்ணாந்து கோபுரத்தைப் பாருங்கள்' என்றது குரல். 'இத்தனை சிலைகளில் ஒன்றுகூட நம்மைப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை.'

அதோடு நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது அடுக்கில், மூலையில், தொப்பை வைத்த ஒருவர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நேரே கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூலைல குண்டா ஒருத்தர் பாக்குறாரே" என்றேன். என் வாய் அப்படி, சும்மா இருக்காது.

'சரி, ஒருவர் பார்க்கிறார்' என்றது குரல். 'மூலையில் இருக்கிறவர். அவருக்கு மட்டும் வேலை ஒன்றும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே வாருங்கள்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. தற்செயல் என்று நினைத்தேன். உள்ளே போனேன். நீளமான பிராகாரம், இரண்டு பக்கமும் தூண்கள். தூரத்தில் முடிகிற இடம் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கல் குளிர்ச்சி பாதத்திலிருந்து ஏறியது. கூரையில் எங்கோ ஓர் இடைவெளி வழியாக வெயில் ஒரு கற்றை இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதில் தூசி மெல்ல ஏறி இறங்கியது. வௌவால் வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. வெளியே இருந்த உலகம் ரொம்ப தூரம் போய்விட்டது.

'தூண்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எதையும் விசேஷமாகப் பார்க்க வேண்டியதில்லை, மெதுவாக நடந்தால் போதும்' என்றார். மறுபடியும் மௌனம். நான் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டே நடந்தேன். எல்லாம் சொரசொரப்பு, ஒன்று மட்டும் வழவழவென்று இருந்தது. அதில் செதுக்கியிருந்த சின்ன யானையின் முதுகு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இது மட்டும் ஏன் இப்படி என்று முணுமுணுத்தேன்.

'தொட்டாயிற்றா?' என்றது குரல். 'வருகிறவர்கள் எல்லோரும் அந்த யானையைத்தான் தடவிக்கொடுக்கிறார்கள். பாவம், மற்ற யானைகளுக்கு ஒருவரும் இல்லை.'

கையை வெடுக்கென்று எடுத்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். தூரத்தில், தூண்களுக்கு நடுவே, நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. கையை வீசிக்கொண்டு, சுவரைக் காட்டிக்கொண்டு. 'என்னங்க' என்று கூப்பிட வாய் திறந்துவிட்டேன். வேகமாக நடந்தேன். அந்த முதுகு ஒரு தூணுக்குப் பின்னால் போனது, அடுத்த தூணுக்கு முன்னால் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது வெயில் கற்றைதான் தரையில் கிடந்தது. யாரோ ஒருவர் பக்கத்து வாசல் வழியாகப் போயிருக்க வேண்டும். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நான் நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை, தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி நடந்தேன். குளக்கரையில் அவர் பேச்சை நிறுத்தினார். தண்ணீர் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டேன், அவர் சொன்னார். மண்டபத்துக் குதிரைகளுக்குப் பல் ஏன் இத்தனை என்று கேட்டேன், குதிரையையே பார்க்காத சிற்பியாக இருக்கும் என்றார். கல்வெட்டு ஒன்றின் முன்னால் நான் ஒன்றும் பேசவில்லை, எனக்குக் கல்வெட்டு என்றால் கொட்டாவிதான் வரும். அங்கே அவர் மௌனமே விடவில்லை. 'இது சிலருக்குக் கொட்டாவி வரவழைக்கிற இடம், போகலாம்' என்று கடந்துவிட்டார். நடுக்கோயிலில் நின்று தனியாகச் சிரித்தேன். துடைப்பத்தோடு போன ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தெற்குச் சுவரில் ஒரு பெண் சிலை இருந்தது. ஒரு கையால் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கித் தூக்கி, குனிந்து பாதத்தைப் பார்க்கிறாள். பின்னல் முன்பக்கம் சரிந்து தொங்குகிறது.

'காலில் தைத்த முள்ளை எடுக்கிறாள் என்று சொல்வார்கள்' என்றார். நிறுத்தினார். இந்த முறை ரொம்ப நேரம்.

"முள்ளா? செருப்பு வார் மாட்டியிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

காதுக்குள் ஒரு சின்ன மூச்சு. சிரிக்க வந்து சிரிக்காமல் விட்டது. அந்த மூச்சை எனக்குத் தெரியும், நூறு தடவை வெட்டியிருக்கிறேன்.

'செருப்பு வாராகவும் இருக்கலாம்' என்றார். 'ஒருவர் குனிந்திருக்கும்போது கூட வந்தவர் நின்றிருக்க வேண்டும். இந்தச் சிலைக்குப் பக்கத்தில் யாருமே இல்லை, பாருங்கள். அந்த முட்டாள் முன்னால் போய்விட்டான்.'

அங்கேயே, அந்தப் பெண்ணின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

கருவியை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. புறாக்கள் மேலே கிசுகிசுத்தன. எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. காலி இருக்கை, இரண்டு டிக்கெட். 'நீ பதில் சொல்லிக்கிட்டே வந்த மாதிரிதான் இருந்துச்சு.' அது பொய்யே இல்லை. நான் பக்கத்தில் இல்லாத போதும் நான் என்ன சொல்வேன் என்று அவருக்கு அப்படியே கேட்டிருக்கிறது. இத்தனை வருஷம் நான் பின்னாலிருந்து பிதற்றியது ஒன்றுகூட வீணாகவில்லை, எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அட கூறுகெட்ட மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன்.

உருகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கூடவே கோபமும் வந்தது. மனசுக்குள் இருக்கிறவளுக்கு இத்தனை மரியாதை, நின்று நிதானித்து உபசாரம். வெளியே இருக்கிறவள் மைதானத்தில் வெயிலில் காய்கிறாள். அவளுக்கு யார் பதில் சொல்வது?

எழுந்து மீதியை நடந்தேன். கடைசியில் வாசல். 'வெளியே வந்துவிட்டோம். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லை' என்றார். அதற்கப்புறம் வந்த மௌனம்தான் எல்லாவற்றிலும் பெரியது. நான் செருப்பை வாங்கி, குனிந்து, வாரோடு மல்லுக்கட்டி, மாட்டி, நிமிர்ந்தேன்.

'வந்தாச்சா?' என்றார். அதோடு பதிவு முடிந்தது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் திருதிருவென்று முழிக்கிறார்கள் என்றார் கவுண்டர் அம்மா. எங்கே வந்தாச்சா, யார் வந்தாச்சா என்று அவரிடம் வந்து கேட்கிறார்களாம். நான் கருவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவருக்குப் பதிவு கிடையாது, அதனால் காலையிலேயே போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். திரையில் பேச்சு வேலிச்செடி மாதிரி அடர்ந்து தெரியும், மௌனம் வெறும் கோடாகத் தெரியும். கோடுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் போதும், போய்விடும். கையை வைத்தேன், எடுத்தேன். கோடுதானே என்று சத்தத்தை முழுசாகக் கூட்டிக் கேட்டேன். கோட்டுக்குள் ரொம்ப அடியில் 'ம்... ம்...' என்று கேட்டது. இருட்டு அறையில் தனியாக நின்றுகொண்டு, யாரும் பேசாத இடத்தில், அந்த மனுஷன் 'ம்' கொட்டியிருக்கிறார்.

வெட்டினால் அது போய்விடும். வெட்டாவிட்டால் அவர் வேலையே போய்விடும். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அவருக்கும் காதில் மாட்டிவிட்டு, கோபுரத்து மௌனம் வந்தபோது அந்தக் குண்டானவரைப் பற்றி நான் சொன்னதைப் பக்கத்தில் நின்று அப்படியே சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பாலா வேறெதாலா என்று சொல்ல முடியவில்லை.

"போடி, உள்ள போய் நில்லு" என்று கம்பளி அறையைக் காட்டினார்.

அத்தனை வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்தவள் நான். உள்ளே போர்வை வாசனை, அவர் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. காதில் அவர் பேசுவார், நிறுத்துவார், நான் சொல்வேன். தடுமாறவே இல்லை, எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. மதியத்துக்குள் எல்லா மௌனமும் நிறைந்துவிட்டது. கடைசி 'வந்தாச்சா?'வுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பதிலை விட்டுவிட்டாயே, அதுதான் முக்கியமானது என்று அக்கா கோபித்துக்கொண்டார். அது அப்படியே இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போன் செய்து அவரை வரச் சொன்னார். திருத்திய பதிவைப் பேசினவர் கேட்டுச் சம்மதம் சொன்னால்தான் வெளியே அனுப்புவோம்.

அவர் வந்த சத்தம் கேட்டு நான் பதிவு அறைக்குள்ளேயே இருந்துகொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இளைத்திருந்தார். நீலச் சட்டைதான் போட்டிருந்தார், காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. வேலை போகப்போகிறது என்று தயாராக வந்த முகம். நாளைக்கு லாரி, இன்றைக்கு இது என்று நினைத்திருப்பார். அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். நான் கதவைத் திறந்து சத்தம் இல்லாமல் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வெறுங்கால், அதனால் அவருக்குத் தெரியவில்லை.

என்றைக்கும் நான் பார்க்கிற முதுகுதான். ஆனால் அன்றைக்கு அது எங்கேயும் போகவில்லை, உட்கார்ந்திருந்தது. திரையில் கோடு நகர்ந்தது. கோபுரத்து இடம் வந்ததும் முதுகு விறைத்தது. அவர் கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. யானை வந்தது, குளம் வந்தது. குதிரைப் பல்லுக்கு அவர் தோள் குலுங்கியது. சிலை வந்தபோது தலை குனிந்துவிட்டது, அதன் பிறகு நிமிரவே இல்லை. நான் அந்த மடிந்த காலரைச் சரி செய்யக் கை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டேன். தொட்டால் திரும்பிவிடுவார். தொடாமல் திரும்ப வேண்டும். எனக்கு அது வேண்டும், அதற்குக் குறைவாக எதுவும் வேண்டாம்.

கடைசிக் கோடு வந்தது. அவர் குரல் அவர் காதிலேயே கேட்டிருக்கும். 'வந்தாச்சா?' அதற்கப்புறம் திரையில் ஒன்றும் இல்லை. அவர் காத்திருந்தார். மற்ற இடத்திலெல்லாம் பதில் வந்ததால் இங்கேயும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. காதிலிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் அசையவே இல்லை, அவருக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்க நியாயமில்லை.

அப்புறம் அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். மைதானம், வெயில், எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"வந்துட்டேன்" என்றேன். "செருப்பு வார் மாட்டிக்கிச்சு."

நாற்காலியோடு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். லாரியை என்ன செய்வது என்று கேட்டார். வரட்டும், தங்கச்சி வீட்டில் என் பெட்டி இரண்டு கிடக்கிறது, அதை ஏற்றிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தோம். வழக்கம்போல அவர் தன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் குனிந்து வாரை மாட்டினேன். அதிசயமாக, அன்றைக்கு உடனே மாட்டிக்கொண்டது. ஆனாலும் நான் நிமிரவில்லை, வாரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். தெருவில் ஒரு வண்டி போன சத்தம் கேட்டது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் கடைசிப் படியில், என் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.